பேசாத சூசைக்கு 3615 பாடல்கள்

கிறிஸ்தவக் கவிதையும் ஓவியமும் கூத்தும் வெறும் உறை என்ற கருத்து தமிழில் வேரூன்றிவிட்டது. உள்ளே இருக்கும் கடிதம் சமயப் போதனை. அதை எடுத்துக்கொண்ட பிறகு உறையைத் தூக்கி எறிந்துவிடலாம் என்கிறார்கள். இதைச் சொல்பவர்கள் இரண்டு தரப்பார். ஒரு தரப்பு இலக்கிய வாசகர்களும் விமர்சகர்களும். மறுதரப்பு ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. மற்ற எதிலும் ஒத்துப்போகாத இவ்விரு தரப்பும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே பேச்சைப் பேசுகின்றன.

இலக்கியத் தரப்பின் வாதத்தை அதன் பலம் குறையாமல் சொல்லிவிடுகிறேன். மிஷனரிகள் மக்களைத் தம் சமயத்துக்கு அழைக்க வந்தவர்கள். அதை அவர்களே மறைத்ததில்லை. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, மரக்கறி உண்டு, உயர்சாதியாரின் ஒழுக்கங்களை மேற்கொண்டது அவர்களை நெருங்குவதற்காகத்தான். நூறாண்டு கழித்து வந்த வீரமாமுனிவர் அதே வழியில் இன்னும் ஒரு படி சென்று காப்பியம் எழுதினார். கம்பன் வகுத்த நாட்டுப் படலத்தையும் நகரப் படலத்தையும் பாலஸ்தீனத்துக்குப் பெயர்த்தார். இதில் கலை இருக்கலாம்; ஆனால் அது இன்னொன்றுக்காக வேலை செய்யும் கலை. தவிர, முடிவு முன்கூட்டியே தெரிந்த மனத்தில் தேடல் இராது. தேடல் இல்லாத இடத்தில் செய்யுள் வரும், கவிதை வராது. போதாக்குறைக்கு இந்தக் காப்பியங்களும் கீர்த்தனைகளும் கிறிஸ்தவத்துக்குள் இருந்த மேல்சாதியாருக்கு உரியவையாகவே இருந்தன.

ஆலயத் தரப்பு சொல்வது வேறு மொழியில், ஆனால் அதே விஷயம். இரட்சிப்புக்கு வசனம் போதும். பாட்டு வசனத்தை மனத்தில் பதிய வைக்கும், படம் சிறுவர் வகுப்புக்கு உதவும், நாடகம் கிறிஸ்துமஸுக்கு ஆகும். அதற்கு மேல் அவற்றுக்கு மதிப்பளித்தால் கவனம் சிதறும்; சிலை வணக்கத்தில் கொண்டுபோய் விடும் ஆபத்தும் உண்டு.

இரு தரப்பின் அடியிலும் ஒரே அனுமானம் கிடக்கிறது. விசுவாசம் என்பது முதலிலேயே முழுமையாக, வாக்கியங்களாகத் தயாராகிவிடுகிறது; கலை பிறகு வந்து அதைச் சுமக்கிறது. இந்த அனுமானம் தவறு. தமிழில் கிறிஸ்தவ விசுவாசம் தன்னைத் தேடிக் கண்டுகொண்ட இடங்களில் தலையாயது கவிதை. பிரசங்கத்தில் சொல்ல முடியாததை, சொல்லத் துணியாததை அது அங்கேதான் சொன்னது. என் மறுப்புகள் இவை.

1. போதிக்க வேண்டியபோது வீரமாமுனிவர் எதை எழுதினார்?

உரைநடை எழுதினார். 1706 ஜூலையில் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கிய பிறகு லூத்தரன் சபையாருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே தமிழிலேயே தர்க்கம் மூண்டது. அதில் வீரமாமுனிவர் எழுதியவை 'வேத விளக்கம்', 'பேதக மறுத்தல்', 'லூத்தர் இனத்தியல்பு'. உபதேசியார்களை நெறிப்படுத்த எழுதியது 'வேதியர் ஒழுக்கம்'. எல்லாம் உரைநடை. நேரடியான, சில இடங்களில் கடுமையான, எவரும் வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடிய உரைநடை. வாதத்துக்கு எந்தக் கருவி தகும் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அந்தக் கருவி கையிலிருக்க, 3 காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை அவர் 1726இல் ஏன் முடித்தார்? உரைகாரர் துணையில்லாமல் புலவர்களே தடுமாறும் விருத்தங்களை மதம் மாற்றும் கருவி என்பவர்கள் அந்தக் கருவியின் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கவில்லை.

புலவர்களை மாற்றுவதற்காக எழுதினார் என்று பதில் வரும். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அந்த நோக்கம் கொண்டவர் பாட்டுடைத் தலைவராக யாரைத் தேர்ந்திருக்க வேண்டும்? மலைப்பொழிவு தந்த இயேசுவை. அற்புதங்கள் செய்தவரை. சிலுவையில் இறந்து உயிர்த்தவரை. வீரமாமுனிவர் தேர்ந்தது இயேசுவை வளர்த்த தந்தையான சூசையை.

நான்கு சுவிசேஷங்களையும் எடுத்துப் பாருங்கள். சூசை ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. மரியாளை மறைவாக விலக்கிவிட நினைக்கிறார், கனவு காண்கிறார், எழுந்து, கனவில் சொன்னபடி செய்கிறார். எகிப்துக்குப் போ என்றால் போகிறார், திரும்பி வா என்றால் வருகிறார். பன்னிரண்டு வயது இயேசுவைக் கோயிலில் தேடிக் கண்டுபிடிக்கும் நிகழ்ச்சிக்குப் பிறகு அவர் உயிரோடு இருக்கும் காட்சி ஒன்றுகூட இல்லை. அவருடைய மரணத்தைக்கூட எந்தச் சுவிசேஷகரும் எழுதவில்லை. கத்தோலிக்க மரபுக் கதைகளும், ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிரதா மரியாளின் நூலும் வீரமாமுனிவருக்குக் கதைப் பொருள் தந்தன என்பது உண்மை. ஆனால் அந்தப் பொருளைத் தமிழ்ப் பெருங்காப்பிய வடிவத்துக்குள் வைத்ததும் நடந்தது வேறு.

தமிழ்க் காப்பியத் தலைவன் யார்? வில்லெடுத்தவன், நாடாண்டவன், பல மணம் புரிந்தவன். சீவகன் எட்டுப் பெண்களை மணக்கிறான். இராமன் இலங்கையை வெல்கிறான். அந்த ஆசனத்தில் ஒரு தச்சனைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார் முனிவர். தாவீது அரசனின் வழித்தோன்றல்தான். ஆனால் உளி பிடித்து வயிறு வளர்ப்பவன். மணந்த மனைவியோடும் கன்னிமை காப்பவன். தன் மகனல்லாத மகனை வளர்ப்பவன். இவனுக்கு நாட்டுச் சிறப்பு, நகரச் சிறப்பு, முடிசூட்டு என்று காப்பிய மரியாதை அத்தனையும் கிடைக்கிறது. கடவுள் தம்மை ஒரு கைத்தொழிலாளியின் பராமரிப்பில் ஒப்படைத்தார், அந்த மௌனமான பராமரிப்பு வீரத்துக்கு நிகரானது என்று இந்த நூல் வாதிடவில்லை. காப்பியத்தின் அமைப்பே அப்படிச் சொல்லிவிடுகிறது. 'வேத விளக்கம்' எழுதிய கை அதை உரைநடையில் எழுதியிருக்க முடியாது. எழுதியிருந்தால் இரண்டு வரியில் முடிந்து போயிருக்கும்.

2. வடிவம் உடுப்பு என்றால், கழற்றிக் காட்டுங்கள்.

மரபைக் கடன் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டாகவே நிற்காது. சமண முனிவரான திருத்தக்கதேவர் அகமும் புறமும் கலந்த மரபை எடுத்துச் சிந்தாமணி செய்தார். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டில் தமிழ்நிலத்தின் வளத்தைப் பாடினார். தமிழ்க் கவிதை எப்போதும் இப்படித்தான் தன் எல்லையை விரித்திருக்கிறது. வாங்கிய வடிவம் உள்ளே வந்த பொருளை என்ன செய்தது என்று பார்ப்பதே முறையான கேள்வி.

வேதநாயகம் சாஸ்திரியாரின் 'பெத்லகேம் குறவஞ்சி'யைப் பாருங்கள். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, தஞ்சாவூரில் இளவரசர் சரபோஜியோடு படித்தவர் அவர். குறவஞ்சியை 1800இல் இயற்றினார். குறவஞ்சி வடிவத்தின் அச்சாணி குறி சொல்லுதல். தலைவி காதல் நோயில் வாடுவாள், மலைக்குறத்தி வருவாள், கை பார்த்துத் தலைவன் வருவான் என்பாள். இப்போது வேதாகமத்துக்கு வாருங்கள். உபாகமம் 18ஆம் அதிகாரம் குறி பார்ப்பதையும் குறி கேட்பதையும் திட்டவட்டமாக விலக்குகிறது. எந்தப் போதகரும் பிரசங்க பீடத்தில் நின்று குறி சொல்பவளை விசுவாசத்துக்கு உவமையாக்கத் துணிய மாட்டார். சாஸ்திரியார் துணிந்தார். அவருடைய குறத்தி விசுவாசத்தின் உருவகமாகவே வருகிறாள். சீயோன் குமாரத்தியான தலைவி கிறிஸ்துவுக்காக ஏங்கி நிற்க, வராத தலைவன் வருவான் என்று உறுதி சொல்லும் வேலை, ஊர் ஊராகக் கூடையோடு அலையும் ஒருத்திக்குக் கிடைக்கிறது.

வடிவம் வெறும் உடுப்பாக இருந்திருந்தால் இந்தச் சிக்கலான பகுதியை அவர் நீக்கியிருப்பார். குறியை எடுத்துவிட்டு ஏக்கத்தையும் சந்திப்பையும் மட்டும் வைத்திருக்கலாம். அவர் அதை மையத்தில் வைத்தார். காணாததை நம்புவதற்கு எப்படிப்பட்ட வாய் வேண்டும் என்ற கேள்விக்கு, படித்த குருவின் வாய் வேண்டியதில்லை என்று அந்த நாடகம் பதில் வைத்திருக்கிறது. இந்தப் பதில் அவருடைய சபையின் ஞானோபதேசத்தில் இல்லை. குற்றாலக் குறவஞ்சி இருந்த ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்கு, அந்த வடிவத்தின் வழியாகத்தான் அது கிடைத்திருக்க முடியும்.

அடுத்தது கிருஷ்ண பிள்ளை. 1827இல் கரையிருப்பில் ஒரு வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். 'இரட்சணிய யாத்திரிகம்' முழு நூலாக வந்தது 1894இல், அதாவது 36 ஆண்டு கழித்து. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்' அதன் மூலம். அந்த நூல் தமிழ் உரைநடையில் முன்பே வந்துவிட்டிருந்தது. செய்தி மட்டும் வேண்டுமானால் அதையே மறுபடி அச்சடித்து விநியோகித்திருக்கலாம். செலவும் குறைவு, வாசகரும் அதிகம். கிருஷ்ண பிள்ளை வேறு ஏதோ ஒன்றுக்காகத்தான் ஒரு தலைமுறைக் காலத்தைச் செலவிட்டார்.

அது என்ன என்பது இரண்டு நூல்களையும் பக்கத்தில் வைத்தால் தெரியும். பனியனின் பயணி சிலுவையருகே வருகிறான், முதுகுச் சுமை கழன்று விழுகிறது, அவன் மேலே நடக்கிறான். பனியன் அந்த இடத்தைச் சுருக்கமாகக் கடந்துவிடுகிறார். என் பாவச்சுமை எப்படி இறங்கும் என்பதுதான் அவருடைய கேள்வி. கிருஷ்ண பிள்ளை அங்கே நிற்கிறார். இயேசுவின் பாடுகளைத் தனியே விரித்துப் பாடுகிறார். இறைவனின் மேனியைப் பார்த்துப் பார்த்து உருகும் ஆழ்வார்களின் மரபில் வளர்ந்த நெஞ்சுக்கு, சுமை இறங்கியதும் நடையைக் கட்ட முடியவில்லை. அடிபட்ட அந்த உடலை விட்டு அவர் கண் நகர மறுக்கிறது. பெட்போர்டு சிறைவாசி பனியனின் விசுவாசமும் பாளையங்கோட்டைப் புலவரின் விசுவாசமும் ஒரே கிறிஸ்துவைப் பற்றியவைதான். ஆனாலும் அவை ஒரே விசுவாசமில்லை. அந்த வேறுபாட்டை உண்டாக்கியது விருத்தமும் அது கொண்டுவந்த பக்தி மரபும்.

3. முடிவு தெரிந்தவனிடம் தேடல் இல்லை என்பது, நம்பிக்கை எப்படிப்பட்டது என்று அறியாத பேச்சு.

முதலில் ஒரு நேர்மைக் கேள்வி. இந்த அளவுகோலை அப்பருக்கும் நம்மாழ்வாருக்கும் மாணிக்கவாசகருக்கும் வைப்பீர்களா? அவர்களுக்கும் முடிவு தெரியும். வைப்பதில்லை, வைத்தால் தமிழ்க் கவிதையில் பெரும்பங்கு போய்விடும் என்று தெரியும். அப்படியானால் ஒருவருக்கு ஓர் அளவுகோலும் மற்றவருக்கு வேறோர் அளவுகோலும் எதற்கு?

இனி விஷயத்துக்கு வருகிறேன். விவிலியத்திலுள்ள 150 சங்கீதங்களில் 88ஆவது சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆறுதல் வரி ஒன்றும் கடைசியில் ஒட்டப்படவில்லை. யோபுவின் நூல் முழுக்க ஒருவன் கடவுளோடு வழக்காடுகிறான். கடவுளுக்காகப் பரிந்து பேசிய நண்பர்களைத்தான் கடவுள் கடிந்துகொள்கிறார். இவை வேதத்தின் ஓரத்தில் இருப்பவை அல்ல. ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் இயேசு சபைக் குரு. 1885 வாக்கில் டப்ளினில் இருந்தபோது அவர் எழுதிய இருண்ட சொனெட்டுகள், பதில் சொல்லாத கடவுளின் முன் நின்று கதறுபவை. அவர் 1889இல் இறந்தார். அவருடைய கவிதைகளை நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் தொகுத்து வெளியிட்டது 1918இல். அச்சேறுமா என்றே தெரியாத கவிதைகளை எழுதியவர் யாரை மதம் மாற்ற எழுதினார்?

ஓவியத்துக்கு வாருங்கள். ஹான்ஸ் ஹோல்பைன் 1521-22இல் வரைந்த இறந்த கிறிஸ்து பாசெல் நகரில் இருக்கிறது. மனித நீளத்துக்கு ஒரு குறுகிய பலகை. அதில் ஒரு பிணம். வாய் திறந்திருக்கிறது, கண் நிலைகுத்தியிருக்கிறது, கையும் காலும் நிறம் மாறிவிட்டன. உயிர்ப்பின் சாயல் துளியும் இல்லை. 1867இல் அதைப் பார்த்த தஸ்தயெவ்ஸ்கி நிலைகுலைந்தார். அடுத்து எழுதிய 'அசடன்' நாவலில், இதைப் பார்த்தால் விசுவாசமே போய்விடக்கூடும் என்று ஒரு பாத்திரத்தைச் சொல்லவைத்தார். பிரசாரம் செய்பவர் எவரும் இப்படி ஒரு படம் வரைய மாட்டார். உயிர்த்தெழுதலை நம்புகிறவன் எதை நம்புகிறான், எத்தகைய மரணத்துக்கு எதிராக நம்புகிறான் என்று முகத்துக்கு நேரே கேட்கிறது அந்தப் பலகை.

ஐசன்ஹைம் பலிபீட ஓவியம் இதைவிட ஆழமாகப் போகிறது. மத்தியாஸ் குருனேவால்ட் 1512க்கும் 1516க்கும் இடையில் வரைந்தது. இன்று பிரான்சின் கோல்மார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது வைக்கப்பட்ட மடம் ஒரு மருத்துவமனையும்கூட. ரை என்ற தானியத்தில் பிடிக்கும் பூஞ்சையால் வரும் 'அந்தோனியார் நெருப்பு' நோய் கண்டவர்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். தோல் வெடித்துக் கைகால் அழுகும் நோய். உறுப்பை வெட்டி எடுப்பதும் உண்டு. அந்த நோயாளிகள் பார்க்கும்படி குருனேவால்ட் வரைந்த சிலுவைக் கிறிஸ்துவின் உடலெங்கும் புண். தோல் பச்சை பாய்ந்திருக்கிறது. விரல்கள் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. உங்கள் நோய் அவருக்கும் வந்திருக்கிறது என்று எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை, எந்தச் சங்கமும் அதைக் கோட்பாடாக்கவில்லை. ஓர் ஓவியன் நோயாளிகளின் நடுவில் நின்று அதைக் கண்டுபிடித்தான். கடவுள் மனிதரானார் என்ற வாக்கியத்தை எல்லாரும் சொல்லலாம். எந்த அளவுக்கு மனிதரானார் என்பதை அந்தப் படம் சொன்னது.

4. இது மேல்சாதிக் கலை என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் அது என் பக்கத்துச் சான்று.

மூடிமறைக்க எதுவுமில்லை. 1820களின் இறுதியில் தஞ்சாவூர்ச் சபையில் சாதி வேறுபாட்டை அகற்ற இளம் மிஷனரிகள் முயன்றபோது, வேதநாயகம் சாஸ்திரியார் வேளாளக் கிறிஸ்தவர்களின் பக்கம் நின்று எதிர்த்தார். குறத்தியின் வாயில் விசுவாசத்தை வைத்தவர், ஆலயத்தில் பறையர் தம்மோடு கலந்து உட்காருவதை ஏற்கவில்லை. அவருடைய கவிதை அவரைவிடத் தூரம் போயிருந்தது. அவர் அதன் பின்னால் போகவில்லை. இதை மன்னிக்க நான் யார்? தமிழ்க் கிறிஸ்தவர்களில் பெருந்தொகையினரான தலித் மக்களின் பறை நெடுங்காலம் ஆலயத்துக்கு வெளியே நின்றது. சாவுக்கு அடிப்பது, அசுத்தம் என்று காரணம் சொல்லப்பட்டது. கர்நாடக ராகத்தில் அமைந்த கீர்த்தனை உள்ளே போயிற்று.

இந்த அநீதியை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் தியாபிலஸ் அப்பாவு. 1940இல் பிறந்து 2005இல் மறைந்தவர், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்தவர், பரட்டை என்று மாணவர்களால் அன்போடு அழைக்கப்பட்டவர். அவர் என்ன செய்தார்? கீர்த்தனையின் வரிகளை மட்டும் மாற்றி, சாதி ஒழிப்புக் கருத்தைப் புகுத்தி, அதே ராகத்தில் பாடச் சொல்லவில்லை. இசையையே மாற்றினார். நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில், பறையோடு வழிபாட்டையே அமைத்தார். நாட்டுப்பாட்டைப் பாடுகிறவர்கள் தம் விருப்பப்படி வரியைக் கூட்டலாம், குறைக்கலாம், மாற்றலாம். ஆகவே அதில் வரும் இறையியல் பாடுகிறவர்களுக்கே சொந்தம் என்பது அவருடைய வாதம். எல்லாருக்கும் ஒரே உலையில் சோறு பொங்க வேண்டும் என்பதைத் தம் சிந்தனையின் மையத்தில் வைத்தார்.

கலை உறை மட்டுமே என்றால் அப்பாவுக்கு இத்தனை பாடு எதற்கு? கருத்து சரியாக இருந்தால் போதுமே, மெட்டு எதுவானால் என்ன? அவருக்குத் தெரிந்திருந்தது: எந்த வாத்தியம் பீடத்தருகே வரலாம் என்பதிலேயே ஒரு கோட்பாடு இருக்கிறது. பறை உள்ளே நுழைந்த அந்தக் கணத்தில் சபை தன்னைப் பற்றி நம்பியது மாறுகிறது. கீர்த்தனையை மட்டும் ஏற்ற சபைக்கும் இது தெரியும், தெரிந்ததால்தான் தடுத்தது. மேல்சாதிக் கலை என்று குறை சொல்லி இந்த இலக்கியம் முழுவதையும் ஒதுக்குபவர்கள், அப்பாவு நடத்திய போராட்டத்தின் பொருளையும் சேர்த்தே ஒதுக்குகிறார்கள்.

5. வசனம் போதும் என்கிறவர்களுக்கு: வசனத்தின் வடிவம் என்ன?

லூக்கா 10ஆம் அதிகாரத்தில் ஒரு நியாயசாஸ்திரி, தன் அயலான் யார் என்று கேட்கிறான். விளக்கம் கேட்கிறான், வரையறை கேட்கிறான். இயேசு கதை சொல்கிறார். நல்ல சமாரியன் கதையிலிருந்து 'எல்லாரிடமும் அன்பாயிரு' என்ற கருத்தை வடித்தெடுத்துவிட்டுக் கதையை விட்டுவிட முடியுமா? முடியாது. குற்றுயிராய்க் கிடக்கிறவனின் இடத்திலிருந்து பார்க்கும்போது, தான் வெறுக்கும் இனத்தான் ஒருவன் தன்னைத் தூக்கி எடுக்கிறான் என்பதைக் கேட்கிறவன் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தச் சங்கடம் கருத்தில் இல்லை, கதையில்தான் இருக்கிறது. தீர்க்கதரிசிகள் கவிதையில் பேசினார்கள். கலையை அலங்காரம் என்கிற சபை, தன் வேதத்தில் பாதியை அலங்காரம் என்று சொல்கிறது.

சிலை வணக்க அச்சத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. 787இல் இரண்டாம் நிசேயா சங்கம் அதைத் தீர விசாரித்து, கடவுள் உடல் எடுத்ததால் அந்த உடலை வரையலாம் என்று முடிவு சொன்னது.

வரலாற்றுச் சான்று ஒன்று இலங்கையில் இருக்கிறது. 1658இல் யாழ்ப்பாணம் டச்சுக்காரர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. பிரசங்க பீடம் இல்லை, பலிபூசை இல்லை. கோவாவிலிருந்து மறைவாக வந்த குருக்கள் ஊர் ஊராக இரவில் நடந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜாக்கோமே கொன்சால்வெஸ் 1705இல் வந்து 1742இல் இறக்கும்வரை தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக்கொண்டே இருந்தார். அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு, கேட்கிறவர்கள் மாரடித்து அழும் நூல். குருவானவர் வர முடியாத ஊர்களிலும் அதை எடுத்து வாசிக்க ஒருவர் இருந்தால் போதும். ஒப்பாரியும் கூத்தும் அம்மானையும் அந்த மக்களிடம் கிறிஸ்துவைக் காப்பாற்றி வைத்திருந்தன. அதே யாழ்ப்பாணத்தில் 1965இல் சவேரி அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், போர்க்காலத்திலும் பாடுகளின் நாடகத்தை மேடையேற்றியது. ஷெல் விழும் ஊரில் அந்த நாடகத்தைப் பார்க்க வந்தவர்களை, கவனம் சிதறியவர்கள் என்று யார் சொல்லத் துணிவார்கள்?

6. நோக்கம்தான் பிரச்சினை என்றால், நோக்கமே இல்லாதவர்களை என்ன செய்வது?

பாரதி 'ஏசு கிறிஸ்து' என்று தலைப்பிட்டு, மகதலா மரியாளின் கண் வழியாக உயிர்ப்பைப் பாடினார். 'அர்த்தமுள்ள இந்து மதம்' எழுதிய கண்ணதாசன்தான் 'இயேசு காவியம்' எழுதினார். வங்காளத்தின் ஜாமினி ராய் பட்டுவா மரபில் திரும்பத் திரும்பக் கிறிஸ்துவை வரைந்தார். பெரியாரைச் சிலையாக வடித்த சிற்பி தனபால் கிறிஸ்துவையும் வடித்தார். இவர்களில் யாரும் யாரையும் ஞானஸ்நானத்துக்கு அழைக்கவில்லை. உறைக் கொள்கையிடம் இதற்குப் பதில் இல்லை. மறுபக்கத்தில், விசுவாசியான ஆஞ்செலோ ட ஃபொன்சேகா சாந்திநிகேதனில் பயின்று, மரியாளைச் சேலை உடுத்திய இந்தியத் தாயாக வரைந்தபோது, கோவாவின் கத்தோலிக்கர்களிடமிருந்தே எதிர்ப்பு கிளம்பியது. அவர் ஊரை விட்டுப் புனேயில் ஓர் ஆசிரமத்தில் வாழ்ந்து 1967இல் இறந்தார். மாதா ஐரோப்பியப் பெண்தான் என்று தாங்கள் நம்பிக்கொண்டிருந்தது அந்தச் சேலையைக் கண்ட பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது.

இந்தத் தவறான கருத்தால் நமக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் விட முடியாது. வீரமாமுனிவரைப் பற்றிப் பள்ளி மாணவரிடம் கேளுங்கள். ஏகார ஓகார எழுத்துச் சீர்திருத்தம், சதுரகராதி, பரமார்த்த குரு கதை என்று ஒப்பிப்பார். தேம்பாவணி என்ற பெயர் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. இலக்கிய வரலாறுகளில் கிறிஸ்தவர்களுக்கு ஒதுக்கப்படும் அத்தியாயம் 'தமிழ்த்தொண்டு' என்ற தலைப்பில் வருகிறது. தொண்டருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம், கவிஞரை வாசிக்க வேண்டியிருக்கும். நன்றி சொல்வதோடு நாம் நிறுத்திக்கொண்டோம். கிறிஸ்தவத் தமிழ் ஒரு தனி அறையில் பூட்டப்பட்டு, கிறிஸ்தவக் கல்லூரிக் கருத்தரங்குகளில் மட்டும் திறக்கப்படுகிறது.

ஆலயத்துக்குள் சேதம் இன்னும் அதிகம். கலை உறைதான் என்று நம்புகிற சபை மலிவான உறையையே வாங்கும். ஆகவே பீடத்தின் பின்சுவரில் நீலக்கண் கிறிஸ்து ஃபிளெக்ஸில் தொங்குகிறார். நான்கு சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடல்கள் ஞாயிறுதோறும் முழங்குகின்றன; அவற்றில் இருள் இல்லை, வழக்காடல் இல்லை, 88ஆம் சங்கீதக்காரன் நுழைய இடமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி அந்த ஆராதனைக்கு வந்தால் அவள் பாடுவதற்கு அங்கே ஒரு வரி இல்லை. முன்பு இருந்தது. வியாகுலப் பிரசங்கத்தில் இருந்தது, பெரிய வெள்ளி ஒப்பாரியில் இருந்தது. இவற்றைப் பழைய காலத்துச் சங்கதி என்று நாமே ஒதுக்கினோம்.

தேம்பாவணிக்கு 2026இல் 300 ஆண்டு நிறைகிறது. சிலைக்கு மாலை போடுவோரும் தபால்தலை கேட்போரும் நிறையப் பேர் இருப்பார்கள். பாடநூல் குழுவில் இருப்பவர்களிடம் நான் கேட்பது: வாழ்க்கைக் குறிப்பைக் குறைத்து, ஒரு படலத்தை முழுமையாக வையுங்கள். ஆயர்களிடமும் சபைக் குருக்களிடமும் கேட்பது: அடுத்த தவக்காலத்தில் உங்கள் ஊரில் வியாகுலப் பிரசங்கம் இராகத்தோடு வாசிக்கத் தெரிந்த முதியவர் ஒருவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள்; ஒரு பிள்ளையை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள்; பறையடிப்பவரைப் பீடத்தருகே அழையுங்கள். கவிதை வாசகர்களிடம் கேட்பது ஒன்றுதான். நோக்கம் என்ன என்ற விசாரணையைச் சற்று நிறுத்திவிட்டு, சூசையின் கதையை முதற்பாடலிலிருந்து வரிசையாக வாசியுங்கள். அதன் பிறகும் அது துண்டுப் பிரசுரம் என்று தோன்றினால், சொல்லுங்கள், அப்போது பேசுவோம்.